ஐந்தாவது தொப்பி

கிர்கீ, பூனா
3-2-1942

அக்காவுக்கு, சிகாமணி எழுதிக்கொண்டது.

இதற்கு முன்னால் மூன்று கடிதம் போட்டேன். மூன்றும் உன் கைக்கு வந்திருக்கும். அல்சூர் தபால்காரர் கடிதத்தைத் தொலைக்கிற ஆள் இல்லை. பதில் வரவில்லை என்று குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் பாதிப் பேரை யுத்தத்துக்குக் கப்பல் ஏற்றப் போகிறார்கள். எங்கே என்று சொல்லமாட்டார்கள். ஏப்ரலில் இருக்கும் என்று பேச்சு. அதற்கு முன் லீவு கொடுப்பார்கள். ஒரே ஒரு நாள் அல்சூருக்கு வந்து ராஜலக்ஷ்மியைப் பார்த்துவிட்டுப் போக அனுமதி கேட்கிறேன். வீட்டுக்குள் வரமாட்டேன். எதிர்ச் சாரியில் நிற்கிறேன். இடுப்பில் வைத்து வாசலில் காட்டினால் போதும். ஒன்றேகால் வயசு முடிந்துவிட்டது. நடக்கிறாளா, பல் எத்தனை, யார் ஜாடை, ஒன்றும் தெரியாமல் ஒரு அப்பன் இருக்கிறேன்.

இங்கே லாரி எஞ்சின்களில் கரண்ட் பக்கம் மட்டும் என் பொறுப்பு. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலைத் துடைப்பது, கம்பிகளைப் பார்ப்பது, பிளக்குகளின் மேல் இருக்கிற ரப்பர் தொப்பிகளைக் கழற்றி வெயிலுக்கு நேராகப் பிடித்து வெடிப்பு இருக்கிறதா என்று வளைத்துப் பார்ப்பது. ஒரு நாளைக்கு நூறு நூற்றைம்பது தொப்பி கையில் வரும். ஒவ்வொன்றையும் வளைக்கும்போது அந்த ஏரிக்கரை ஞாபகம் வரும். வராமல் ஒன்று கூடப் போனதில்லை.

அம்மா செத்தபோது எனக்கு ஐந்து வயசு. நீதான் வளர்த்தாய். வளர்த்ததோடு நிற்காமல் நீ பெற்ற ருக்குவை எனக்கே கட்டிக்கொடுத்தாய். எனக்கு இரண்டு தரம் அம்மாவாக இருந்தவளிடம்தான் கேட்கிறேன்.

தம்பி,
தெய்வசிகாமணி


அல்சூர்
14-2-42

சிகாமணிக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் தொடங்க வேண்டும். இரண்டாம் வகுப்பு வரை படித்தாலும் அதை எனக்கு மிஷன் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் கேட்கவில்லை.

ஏரிக்கரை ஞாபகம் வருகிறதா உனக்கு? அரைகுறையாக வரும். முழுசாக நான் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

விஜயதசமி அன்று காலை பத்தரை மணிக்கு ருக்குவுக்கு வலி கண்டது. மருத்துவச்சி பிரிஜெட் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். "கொயந்த குறுக்கால இருக்குது, என்னால ஆவாது, சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிடுங்க" என்றாள். என் வீட்டுக்காரர் வைத்துவிட்டுப் போன கார் வாசலில் நின்றது. அதை ஓட்ட, பழுது பார்க்க என்று இருந்தவன் நீ. பின் சீட்டில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்தேன். நீ கிளப்பினாய். கிளம்பியது. ஏரிக்கரை திரும்புகிற இடத்தில் மழை பிடித்தது. புளியமரம் இரண்டு சேர்ந்து நிற்கிற இடத்துக்குப் பத்தடி முன்னால் எஞ்சின் இரண்டு தரம் இழுத்து இழுத்து நின்றுவிட்டது.

இறங்கி பானெட்டைத் தூக்கினாய். சட்டையைக் கழற்றி அந்தச் சட்டையாலேயே பிளக் தொப்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்தாய். நாலும் துடைத்தாய். ஹேண்டில் போட்டுச் சுற்றினாய். பன்னிரண்டு தரம். ருக்கு உன்னை "மாமா, மாமா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நீ "இதோ ஆச்சு, இதோ ஆச்சு" என்றாய். ஆகவில்லை. குதிரை ஜட்கா ஒன்று வருவதற்கு முக்கால் மணி ஆயிற்று. ஜட்காவில்தான் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி கேட்டைத் திறக்கும்போது என் மடியில் இருந்த கை சில்லிட்டுப் போயிருந்தது. இருபது வயசு.

முந்தின நாள், ஆயுத பூஜைக்கு முன்னால், எஞ்சினைத் துடைத்துக்கொண்டே என்னிடம் என்ன சொன்னாய்? "யுத்தம்கா, புதுத் தொப்பி எங்கயும் கெடைக்கல. சைக்கிள் டியூப வெட்டி நானே ஒட்டிட்டேன். சொட்டுத் தண்ணி உள்ள போவாது." சொன்னாயா இல்லையா? என் பெண்ணின் உயிரை ஓட்டை டியூபில் கட்டித் தொங்கவிட்டவன் நீ. பதினாறாம் நாள் ஊர் கூடின இடத்தில் உன்னைக் கொலைகாரன் என்று சொன்னேன். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

வாசலில் கொண்டுவந்து காட்டுவதற்கு அவள் உற்சவர் இல்லை. வராதே.

இன்னொன்று. வேலூரில் இருக்கிற கோமளம் உனக்குக் கடிதம் போடுகிறாளாம், பெர்னதெத் டீச்சர் அங்கே போய்வந்து சொன்னாள். கூடப் பிறந்த தங்கை என்று நான் அவளிடம் பேசி இருபத்து மூன்று வருஷம் ஆகிறது. இன்புளூயன்சா காய்ச்சலில் அம்மா கிடந்தபோது வராதவள், பதினாறாம் நாள் வந்து அம்மாவின் கெம்புத் தோட்டை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு சாயங்கால வண்டிக்குப் போனாள். அவள் பேச்சைக் கேட்டு ஏதாவது செய்தாயானால் உனக்கும் அதே கணக்குத்தான்.

கனகாம்புஜம்


கிர்கீ
25-2-1942

அக்காவுக்கு,

நீ எழுதியதில் ஒரு வார்த்தையும் தப்பில்லை. படித்துவிட்டு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. வரமாட்டேன்.

கோமளம் அக்கா எழுதுவது உண்மை. உன்னிடம் மறைக்கவில்லை. அவளுக்குக் குழந்தை இல்லை. ராஜியைக் கொடு, நான் வளர்க்கிறேன், நீ கப்பலில் இருந்து வந்தால் வந்து பார்த்துக்கொள், யாரும் உன்னைத் தடுக்கமாட்டார்கள் என்று நாலைந்து தரம் எழுதிவிட்டாள். இங்கே ஆபீசில் ஒரு பாரம் கொடுத்தார்கள். எனக்கு ஏதாவது ஆனால் குழந்தை யார் பொறுப்பு என்று அதில் எழுத வேண்டும். அப்பன் எழுதினால் அதுதான் செல்லும் என்றார் கிளார்க். நான் உன் பெயரைத்தான் எழுதினேன்.

ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். தாயைச் சாகடித்தவன், பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று எந்த வாயால் சொல்வான்? தப்பு என் தொப்பியில் இல்லாமல் இருந்திருந்தால், நீ என்னைக் கொலைகாரன் என்று சொன்ன அன்றைக்கே ராஜியைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்திருப்பேன். நீ தடுத்திருந்தாலும் நின்றிருக்கமாட்டேன். தப்பு என்னுடையது. அதனால் அவள் உன்னுடையவள். கோமளத்துக்கும் இதைத்தான் எழுதினேன்.

ஒரே ஒரு விஷயம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. போன வாரம் இங்கே அதே மாதிரி சைக்கிள் டியூபை வெட்டி, அதே பசையில் ஒட்டித் தொப்பி செய்தேன். ஓடுகிற எஞ்சினில் மாட்டி மேலே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். எஞ்சின் நிற்கவில்லை. மூன்றாவது வாளி ஊற்றும்போது ஹவில்தார் வந்து திட்டினார். அன்றைக்கு மட்டும் ஏன் நின்றது? கார் இன்னும் ஷெட்டில் அப்படியே கிடக்கிறது என்று கேள்விப்பட்டேன். தெரிந்த பிட்டர் யாராவது வந்தால் தொப்பிகளைப் பார்த்துச் சொல்லச் சொல். எந்தத் தொப்பியில், எந்த இடத்தில் வெடிப்பு என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிந்துகொண்டு போய்விடுகிறேன்.

பதில் எழுத மனசில்லை என்றால் ஒரு கார்டில் பல் எத்தனை என்று மட்டும் எழுது.

தெய்வசிகாமணி


அல்சூர்
14-3-42

சிகாமணிக்கு,

பல் எட்டு. மேலே நாலு, கீழே நாலு. நடக்கிறாள்.

உன் கடிதம் வந்த மறு வாரமே பிட்டரைக் கூப்பிட்டேன். உனக்கு உபகாரம் செய்வதற்காக இல்லை. ஓட்டை எங்கே இருக்கிறது என்று அவன் வாயால் சொல்லவைத்து, அதை அப்படியே உனக்கு எழுத வேண்டும் என்று ஆத்திரம். பெட்ரோலும் கூப்பன் ஆகிவிட்டது, காரை விற்றுவிடலாம் என்றும் இருந்தேன். லிங்கராஜபுரத்தில் இருந்து டென்சில் என்று ஒருத்தன் வந்தான். ஐம்பது வயசு ஆள், நல்ல வேலைக்காரன் என்று பிரிஜெட் சொன்னாள். அவள் மச்சினன்தான்.

ஒன்றரை வருஷமாக ஒருத்தரும் தொடாத பானெட்டைத் தூக்கினான். நான் ராஜியை இடுப்பில் வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன். நாலு பிளக் தொப்பியையும் கழற்றினான். நீ சொல்கிற மாதிரியே வெயிலில் பிடித்து வளைத்துப் பார்த்தான். உள்ளே விரல் விட்டுப் பார்த்தான்.

"எங்க ஓட்ட?" என்று கேட்டேன்.

"ஓட்டயா? நாலும் பஸ்ட் கிளாஸா இருக்குதும்மா. கடையில வாங்குனது கூட இப்பிடி நிக்காது. யார் செஞ்சது இத?"

"ஒரு கொலகாரன்."

"கொலகாரனா இருந்தாலும் கை சுத்தம்மா. நம்ம கேரேஜுக்கு வரச் சொல்லுங்க" என்று சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

பிறகு காயில் பக்கம் போனான். காயிலின் தலையில் கம்பி நுழைகிற இடத்தில் ஐந்தாவதாக ஒரு தொப்பி இருக்கிறதே, அதை மேலே தூக்கினான். தூக்கினவன் அப்படியே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான்.

"இங்க யாரும்மா சந்தனம் வெச்சது?"

நான் ராஜியை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டேன்.

"பூஜ போட்டீங்களா? அதுக்குன்னு இங்கயா வெப்பாங்க? இத பாருங்க" என்று நகத்தால் சுரண்டிக் காட்டினான். கெட்டியாக, கருகின சந்தனம், குங்குமம். அதற்கு அடியில் ஒரு கறுப்புக் கோடு, பென்சிலால் இழுத்த மாதிரி, காயிலின் நடுவில் இருந்து ஓரத்து ஆணி வரைக்கும். "கரண்டு கம்பி வழியாதான் பிளக்குக்குப் போவணும். இங்க ஈரம் இருந்தா அது மேலயே குறுக்கால ஓடிப்புடும். அப்பிடி ஓடி ஓடித்தான் இந்த எடம் கருகிப்போச்சு. தொப்பிய வேற மூடிட்டீங்க, ஈரம் காயவே இல்ல. அப்புறம் பிளக்க நாள் பூரா தொடைச்சாலும் வண்டி எப்பிடி ஓடும்?"

கொண்டுவந்திருந்த பாட்டரியை வைத்து, தன் பெட்டியில் இருந்து வேறு காயிலை எடுத்து மாட்டினான். உன் தொப்பிகள் நாலையும் மறுபடி போட்டான். பெட்ரோல் கொஞ்சம் ஊற்றி ஹேண்டில் போட்டான். மூன்றாவது சுற்றுக்கு எஞ்சின் பிடித்துக்கொண்டது. ராஜி அந்தச் சத்தத்துக்குக் கை தட்டினாள்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். எனக்கு எதுவும் மறக்காது, அதுவும் மறக்கவில்லை. ருக்குவுக்கு நாலு மாசமாக இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை பானெட்டைத் தூக்கி எங்கள் இரண்டு பேருக்கும் காட்டினாய். "பெட்ரோல் சோறு மாதிரிக்கா. உயிரு இந்தக் கறுப்பு டப்பாக்குள்ள இருக்கு" என்று காயிலைத் தட்டினாய். அது மனசில் நின்றுவிட்டது. ஆயுத பூஜை அன்று சக்கரத்துக்கு வைத்தேன், விளக்குக்கு வைத்தேன், பானெட்டுக்கு வைத்தேன். பெண் நிறை மாசம், இந்தக் கார்தான் அவளைக் கொண்டுபோகப் போகிறது, உயிர் இருக்கிற இடத்துக்கு வைக்காமல் விடுவதா என்று தோன்றியது. நீ கிணற்றடியில் கை கழுவப் போயிருந்தாய். ரப்பர் மேல் வைத்தால் உதிர்ந்துவிடும் என்று தொப்பியைத் தூக்கி, அடியில் சந்தனத்தைக் கட்டைவிரலால் தாராளமாக அப்பினேன். மேலே குங்குமம் வைத்தேன். தொப்பியைப் பழையபடி அழுத்தி மூடினேன். ருக்கு நல்லபடியாகப் பெற்றுப் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

டென்சில் வந்து போய் மூன்று நாள் ஆகிறது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பழைய காயிலை நான் கிணற்றில் போட்டிருந்தால் ஊரில் யாருக்கும் தெரிந்திருக்காது. நீ போன கடிதத்தில் எழுதினதை நான் படிக்காமல் இல்லை. தப்பு உன்னுடையதாக இருக்கிற வரைக்கும்தான் ராஜி என்னுடையவள் என்று எழுதியிருந்தாய். இதை எழுதினால் என்ன ஆகும் என்று தெரியாத அளவுக்கு நான் முட்டாள் இல்லை. மூன்று நாளும் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன். அடுத்தவர் செய்ததை எல்லாம் தேதியோடு சொல்லிக்கொண்டு திரிகிறவள், நான் செய்ததை மட்டும் எந்தக் கிணற்றில் போடுவது?

காயிலைத் துணியில் சுற்றிப் பரண் மேல் வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டும் என்றால் வந்து பார்.

கனகாம்புஜம்


கிர்கீ
22-3-1942

அக்கா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது.

நான் நாலு தொப்பியைத் துடைத்தேன். ஐந்தாவதைத் திறக்கவில்லை. முந்தின நாள் என் கையால் துடைத்து, என் கையால் மூடியது, அதில் என்ன இருக்கப் போகிறது என்ற நினைப்பு. இங்கே புதிதாக வருகிற பையன்களுக்கு நான் தினமும் சொல்வது, நீ மூடினதையும் திறந்து பார் என்பதுதான். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் சட்டையால் ஒரு துடைப்புத் துடைத்து, கத்தியால் அந்தக் கோட்டைச் சுரண்டி, ஆஸ்பத்திரி வரைக்கும் எப்படியாவது ஓட்டியிருப்பேன். அந்தப் பங்கு என்னுடையது. அதை உங்களிடம் கொடுக்கமாட்டேன்.

சந்தனம் வைத்ததற்கு நான் உங்களைக் குற்றம் சொல்லவில்லை. தெரியாமல் செய்தது. நான் சொன்ன பேச்சை நம்பிச் செய்தது. ஆனால் பதினாறாம் நாள் செய்தது தெரியாமல் செய்தது இல்லை. எஞ்சினைத் திறந்து பார்க்காமல், ஒருத்தரையும் பார்க்கவிடாமல், எண்பது பேர் நடுவில் என்னைக் கொலைகாரன் என்றீர்கள். நானும் நம்பினேன். பெண்டாட்டி செத்துப் பதினாறு நாள் ஆனவன் எதைச் சொன்னாலும் நம்புவான். பதினேழு மாசமாக என் பெண்ணை நான் தொடவில்லை. எட்டுப் பல் முளைத்ததில் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. நான் கப்பலில் போய்த் திரும்பாவிட்டால், அவள் வளர்ந்து பெரியவளாகி என்னை என்ன என்று சொல்லியிருப்பாள்? நீங்கள் சொல்லிக்கொடுத்ததைத்தானே?

நீங்கள் எழுதாமல் விட்டிருக்கலாம். எழுதினீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரிகிறது. அதற்காக மனசை மாற்றிக்கொள்ள முடியுமா என்று நானும் மூன்று நாள் பார்த்தேன். முடியவில்லை.

ஆபீசில் பாரத்தை மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஏப்ரல் நாலாம் தேதி காலையில் கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்குகிறேன். மத்தியான வண்டியில் ராஜியைக் கூட்டிக்கொண்டு காட்பாடி போய், அங்கிருந்து வேலூரில் கோமளம் அக்காவிடம் விட்டுவிட்டு வந்துவிடுவேன். அவள் துணிகளை மூட்டை கட்டி வைத்தால் போதும். எனக்குச் சமைக்க வேண்டாம். காயிலைப் பார்க்க வேண்டாம்.

தெய்வசிகாமணி


அல்சூர்
29-3-42

சிகாமணிக்கு,

நாலாம் தேதி அவளைக் குளிப்பாட்டி வைக்கிறேன்.

நீங்கள் என்று எழுதியிருக்கிறாய். ஐந்து வயசில் மூக்கு ஒழுகிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்தபோதே நீ என்றவன். அந்த மரியாதையை வைத்துக்கொள், உனக்கும் மறக்காமல் இருக்க ஒன்று வேண்டும்தானே. நீ எழுதினதில் எதையும் நான் மறுக்கவில்லை. எண்பது பேர் இல்லை, நூறு பேர் இருந்தார்கள்.

கோமளத்துக்கு நான் கடிதம் எழுதமாட்டேன். அதனால் கீழே இருப்பதை நீயே அவளிடம் சொல். படித்துக் காட்டினாலும் சரி, என் கையெழுத்தை அவள் பார்க்க வேண்டாம்.

பால் ஆறினால்தான் குடிப்பாள். சூடாகக் கொடுத்தால் தம்ளரைத் தட்டிவிடுவாள், அடிக்கக் கூடாது. பக்கத்து வீட்டுக் கன்னடக்காரக் குழந்தைகளோடு சேர்ந்து அந்தப் பேச்சுத்தான் முதலில் வந்திருக்கிறது. 'பா' என்றால் வா என்று கூப்பிடுகிறாள். 'பேடா' என்றால் வேண்டாம் என்று அர்த்தம். வேலூரில் யாருக்கும் புரியாது. பேடா பேடா என்று அழும்போது கோமளம் இனிப்பைக் கொண்டுவந்து வாயில் திணித்துக்கொண்டு நிற்கப் போகிறாள். சொல்லிவை.

தூங்குகிறபோது பக்கத்தில் இருப்பவர் காதைப் பிடித்துக்கொள்வாள். பிடுங்கிக்கொண்டால் எழுந்துவிடுவாள். கோமளம் காதில் அந்தக் கெம்புத் தோடு இருந்தால் ராத்திரியில் கழற்றி வைக்கச் சொல், குழந்தை விரலில் குத்தும்.

அவளுக்கு இடது கால் கொஞ்சம் உள்பக்கம் திரும்பி இருக்கிறது. காலையில் நல்லெண்ணெய் வைத்து நீவிவிட்டால் சரியாகி வருகிறது. ஒரு நாளும் விடக் கூடாது. பேதி வந்தால் மாதுளம் பிஞ்சு. ஜுரம் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், தாமதிக்காமல் டாக்டரிடம் கொண்டுபோக வேண்டும். வாடகைக் கார் எதற்கும் நிற்க வேண்டாம், கையில் கிடைக்கிற ஜட்காவில் ஏறச் சொல்.

உன்னைப் பற்றி அவளிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லி வைத்திருப்பேன் என்று நினைத்துவிட்டாய். சொல்கிற வயசு வரட்டும் என்றுதான் இருந்தேன். வந்திருந்தால் சொல்லியிருப்பேன். அதனால் உன் நினைப்பும் பொய் இல்லை.

சமைக்க வேண்டாம் என்கிறாய். சமைப்பேன். கத்தரிக்காய்க் காரக்குழம்பு வைப்பேன். சாப்பிடாமல் போனால் போ.

வாசலில் நின்று நானே உன் கையில் கொடுக்கிறேன். யாரிடமாவது கொடுத்து அனுப்பிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளமாட்டேன். உன்னை அவளுக்குத் தெரியாது, வரமாட்டாள், கையை உதறுவாள். அதற்கு நீ முகத்தைச் சுருக்காதே. அப்படியே தோளில் போட்டுக்கொண்டு வேகமாக நட. தெருக்கோடி திரும்புகிற வரைக்கும் பின்னால் பார்க்காதே. நின்றாயானால் நான் வந்து பிடுங்கிக்கொள்வேன், அந்த அளவுக்கு என்னை நம்பாதே.

ரயிலில் அம்மா அம்மா என்று அழுவாள். அவள் கூப்பிடுவது என்னைத்தான். அந்தப் பேர் எனக்கு இல்லை என்று நான் அவளைத் திருத்தவில்லை, திருத்தியிருக்க வேண்டும். கோமளத்திடம் அதைச் சொல்லிவிடாதே. பெற்றவளைக் கேட்டு அழுகிறாள் என்று சொல்.

கனகாம்புஜம்